ஒரு சீப்பு பிசாங் மாஸ்

பாசிர் ரிஸ்ஸுக்குக் குடிவந்த பிறகும் ரோசம்மா வாழைப்பழம் வாங்கத் தேக்கா சந்தைக்குத்தான் போகிறாள். புது வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. அங்கேயும் அதே பழம்தான், அதே மஞ்சள்தான். அவளுக்கு ஆகாது. பஸ் மாறிப் பஸ் ஏறி, சந்தைக்குள் நுழைந்து, துரைசாமி கடையில் ஒவ்வொரு சீப்பாகப் புரட்டிப் பார்த்து அவர் பொறுமையைச் சோதித்து, விரல் நீளத்தில் குட்டையாகக் கொழுத்திருக்கும் பிசாங் மாஸில் ஒரு சீப்பு வாங்கிவந்தால்தான் அவளுக்கு அந்த வாரம் முடியும்.

"ஏன் அண்ணி, பாசிர் ரிஸ் வாழைப்பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ரூபி கேட்பாள். ரூபி, ரோசம்மாவின் தம்பி பெண்டாட்டி.

கேட்கிற ஆளைப் பாருங்கள். பாவம் பண்ணினது பழமா, தின்னக் கொடுத்தவர்களா என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும்.

எண்பத்தொன்றில் அவர்கள் குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் இருந்தார்கள். இப்போது நினைத்தாலும் ரோசம்மாவுக்கு அந்தக் காரிடார்தான் முதலில் வரும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நீளம், பகலில் ஒரு கதவுகூடச் சாத்தியிருக்காது. ஒரு வீட்டில் நெத்திலி பொரித்தால் நாலு வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். வானொலியில் பாட்டுப் போட்டால் ஒவ்வொரு வாசலாகக் கடந்து நடந்தாலும் பாட்டு அறுபடாது. பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட்டன, யார் வீட்டில் தூங்கின என்று தாய்மாருக்கே சில நாள் தெரியாது. பாசிர் ரிஸ்ஸில் கடற்காற்று வருகிறது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லாக் கதவும் சாத்தியே கிடக்கிறது, காற்று வந்து என்ன செய்ய?

ரோசம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, தம்பி லாசரஸை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவள் கல்யாண வயசு கழிந்துபோனது. பஃபலோ ரோட்டில் சேக் தாவூது ஜவுளிக்கடைக்குப் பின்கட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். லாசரஸ் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். அவனுக்கு ரூபியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் ரோசம்மாதான். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. நேராத கோயில் இல்லை, ஏற்றாத மெழுகுத்திரி இல்லை. எட்டாம் வருஷம் பிறந்தான் பாருங்கள் ஒரு தடியன், நர்சுகளே ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் காட்டுகிற அளவுக்கு. ரூபி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டது. டாக்டர் சேதுபதி வந்து வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். வலது பக்கம் விலாவுக்குக் கீழே அவர் கை நின்றது. எடுத்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார். அந்தக் கை நின்றதை ரோசம்மா பார்த்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மெஷின் அப்போது புதுசு, பார்க்கிறவர்களுக்கே ஆச்சரியம். டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துத் தமிழிலேயே சொன்னார்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கும். அங்க ஒரு பை தெரியுது, உள்ள தண்ணியாட்டம் என்னமோ இருக்கு. பிறந்த பிள்ளைக்கு இது ரொம்ப அபூர்வம். ரெண்டுல ஒண்ணு. பிள்ளை பெருசு, பிரசவம் கஷ்டம், அதுல நசுங்கி உள்ளேயே ரத்தம் கசிஞ்சு கோத்திருக்கலாம். அப்படின்னா நாள்பட தானா வத்திரும், கத்தியே வேணாம். இல்லாட்டி அது கட்டி. கட்டின்னா வயித்தத் திறந்து எடுத்தே ஆகணும்."

"எது டாக்டர்?" என்றான் லாசரஸ்.

"இன்னிக்குச் சொல்ல முடியாது. ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். விட்டு விட்டு எடுத்து, சின்னதாகுதான்னு பார்ப்போம். ஒரு மாசம் ஆனதும் ஒரு முழு நாள் மூத்திரத்தச் சேத்து டெஸ்ட் பண்ணுவோம். கட்டியா இருந்தா அதுல ஒரு சத்து அளவுக்கு மேல வரும். அதுவரைக்கும் பால் மட்டும் குடுங்க. வயித்த அழுத்தாதீங்க, எண்ணெய் போட்டு உருவற வேலையெல்லாம் வேணாம்."

எண்ணெய் உருவலை ரோசம்மா விட்டுவிட்டாள். வயிறு அவள் கண்ணுக்கே தெரிய வேண்டாம் என்று துணியைத் தளர்வாகச் சுற்றி வைத்தாள். ஆனால் பால் மட்டும் என்றதுதான் அவளுக்கு இறங்கவில்லை. பிள்ளை பாலைக் குடித்த அரை மணியில் மறுபடி கத்தினான், அத்தனை பெரிய உடம்புக்கு அந்தப் பால் எந்த மூலைக்கு? லாசரஸை அவள் எப்படி வளர்த்தாள்? பிசாங் மாஸைக் கால்வாசி மசித்து, வெந்நீர் விட்டு இளக்கி, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் அப்படியே கிறங்கித் தூங்குவான். கல்லாட்டம் இல்லையா இன்றைக்கு?

மூன்றாவது வாரம் ஒரு நாள் அவள் பழக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது ரூபி குளியலறையிலிருந்து வந்துவிட்டாள். ஈரத்தலையோடு வந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா? அவனைப் பெத்தது நான். இனிமே என் பிள்ளை வாயில உங்க கை படக்கூடாது, அண்ணி."

ஏழு வருஷத்தில் ரூபி அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. ரோசம்மா எழுந்து போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பெற்றவள் அவள்தான், யார் இல்லை என்றது? அந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்று அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாக யோசித்தாள். போக வேறு இடமில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசும் இல்லை.

ஆனாலும் கை அடங்கியதா என்றால், அதுதான் இல்லை. ரூபி குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு விரல், துணி காயப்போடப் போகிற நேரம் ஒரு விரல். நாலு நாளைக்கு ஒருமுறை, பிறகு தினமும்.

மாதம் ஆனதும் நர்சு ஒரு பழுப்பு பாட்டிலும் ஒட்டுகிற பைகளும் கொடுத்து, வீட்டிலேயே சேர்த்துவரச் சொன்னாள். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க மூன்று பேரும் மாறி மாறிக் காவல் இருந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அந்தக் காவலுக்கு நடுவிலும் ஒரு விரல் பழம் போனது.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே லாசரஸ் உட்காராமல் நின்றான்.

"அந்தச் சத்து ரொம்பக் கூட வந்திருக்கு" என்றார் அவர். "ஸ்கேன்லயும் பை அப்படியேதான் இருக்கு. இதுக்கு மேல காத்திருக்கிறது சரியில்ல. திங்கட்கிழமை அட்மிட் பண்ணுங்க, செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன்."

ரூபி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், உடனே வயிறு ஞாபகம் வந்து கையைத் தளர்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் டாக்டர். "காப்பி, வெனிலா, வாழைப்பழம், இதெல்லாம் உள்ள போனா இந்த டெஸ்ட் தப்பாக் காட்டும். பெரியவங்களா இருந்தா முன்கூட்டியே வேணாம்னு சொல்லிருவோம். ஒரு மாசப் பிள்ளைக்கு யாரு குடுக்கப் போறாங்க? பால் தவிர எதுவும் குடுக்கலையே?"

"பால் மட்டும்தான் டாக்டர்" என்றாள் ரூபி, கொஞ்சம் சத்தமாகவே.

லாசரஸ் தலையாட்டினான். ரோசம்மா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்தாள். வாய்வரைக்கும் வந்தது. ரூபியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. விரல் நுனிப் பழத்துக்கு இவ்வளவு பெரிய கணக்கு மாறுமா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் அவள் தைத்ததெல்லாம் கோணல். ஒரு வெள்ளைச் சட்டைத் துணியை நீளமாக வெட்டிவிட்டு, தைக்க எடுத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவன் வயிற்றையும் இப்படித்தான் வெட்டித் தைப்பார்கள். தப்பாய்த் தைத்த சட்டையைப் பிரித்துவிடலாம். சேக் தாவூது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க அக்கா, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. சிராங்கூன் ரோட்டில் பூக்கடை, மாவு மில், பாத்திரக்கடை எல்லாம் தாண்டி, கால்வாய்ப் பாலத்தைக் கடந்து ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே மரக் கூண்டுக்குள் சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சாமியாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தப்பு பண்ணினால் அந்த மரக் கூண்டுக்குப் போய்த்தான் அவளுக்குப் பழக்கம், கால் தானாகப் போனது.

கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். பட்டறைச் சட்டை, நெருப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்த முதுகு. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன லாசரஸ்.

"நீ எங்கடா இங்க?"

"சும்மாதான்க்கா" என்றான், எழுந்து ஓடிவிடுகிறவன் மாதிரி.

அக்காவும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டின் திரை விலகியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரூபி வெளியே வந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பரீதாவிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று காலையில் சொன்ன ரூபி.

மூன்று பேரும் விழித்தார்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை, அது மரியாதை இல்லை. ரூபி முன்வரிசையில் போய் முழங்காலிட்டாள். லாசரஸ் உள்ளே போனான், சீக்கிரம் வந்துவிட்டான், அவள் பக்கத்தில் முழங்காலிட்டான். ரோசம்மா உள்ளே போனாள்.

"சாமி, என் தம்பி பிள்ளைக்குத் திருட்டுத்தனமா வாழைப்பழம் குடுத்துட்டேன்" என்று தொடங்கினாள்.

வலைக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. சாமியார் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தாள். பிறகு ஒரு இருமல் கேட்டது, அது இருமல்தானா என்று அவளுக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கேட்டது, வாயைத் திறக்காமல் நின்றது, சொன்னால் தம்பி பெண்டாட்டி தன்னைப் பிள்ளை பக்கமே விடமாட்டாள் என்று பயந்தது.

"இதுக்கு அபராதம் ஜெபம் இல்லம்மா" என்றார் சாமியார். "வெளிய போயி, உன் வீட்டு ஆளுங்க முகத்தப் பாத்து இதையே சொல்லு. அப்புறம் டாக்டர்கிட்டப் போங்க. திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்காத."

வெளியே வந்தாள். இரண்டு பேரும் அப்படியே முழங்காலில் இருந்தார்கள். ஜெபிக்கிற மாதிரித் தெரியவில்லை. ரோசம்மா அவர்கள் முன்னால் போய் நின்றாள். பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"ரூபி, நீ வேணாம்னு சொன்ன பிறகும் நான் பிள்ளைக்குப் பழம் குடுத்தேன். தினமும் குடுத்தேன். மூத்திரம் சேத்த அன்னிக்கும் குடுத்தேன். நேத்து டாக்டர் கேக்குறப்ப வாய மூடிக்கிட்டு நின்னேன். என்னை வீட்ட விட்டுப் போகச் சொன்னாலும் போயிடுறேன். அதுக்கு முன்னாடி வா, டாக்டர்கிட்டச் சொல்லிருவோம்."

ரூபி அவளையே பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று ரோசம்மா நினைத்தாள்.

"நானும் குடுத்தேன் அண்ணி" என்றாள் ரூபி. குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் பால் பத்தல. அழுதுகிட்டே இருந்தான். உங்ககிட்ட அன்னிக்கு அவ்வளவு பேசிட்டேன், அப்புறம் நீங்க சொன்னதுதான் சரின்னு எப்படி வந்து சொல்லுவேன்? நீங்க கடைக்குப் போனதும் குடுப்பேன்."

இரண்டு பேரும் லாசரஸைப் பார்த்தார்கள்.

"எனக்கு அதெல்லாம் மசிக்கத் தெரியாது" என்றான் அவன் தரையைப் பார்த்து. "காப்பியில விரலை விட்டு நாக்குல வைப்பேன். சப்புக்கொட்டுவான்."

டாக்ஸி பிடித்துக் குவீன்ஸ்டவுனுக்கு வந்தார்கள். காரிடாரில் பரீதா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் மடியில் பிள்ளை, பக்கத்தில் தரையில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு தோல்.

ரோசம்மா அந்தத் தோலைப் பார்த்தாள். "எத்தன நாளா, பரீதா?"

"கொஞ்சூண்டுதான் அக்கா" என்றாள் பரீதா. "நீங்க விட்டுட்டுப் போறப்ப எல்லாம் அழறான், பசியில விட்டுவைக்க மனசு வரல. எம்பிள்ளைங்க அஞ்சுக்கும் இதுதான் குடுத்தேன். ஏன், ஆகாதா?"

ரூபி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பரீதாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் கிண்ணத்தைத் தூக்கிக் கழுவப் போனாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வராத பரீதாவிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்டிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோதும் கொடுத்து மறு டெஸ்ட்டையும் கெடுத்திருப்பாள் என்று ரோசம்மா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், டாக்டர் சேதுபதி வார்டில்தான் இருந்தார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். அவர் திட்டியதை எழுத வேண்டாம். ஒரு மாசப் பிள்ளைக் குடலுக்கு வாழைப்பழமா, மூச்சுக்குழலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், படித்தவர்கள்தானே நீங்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். மூன்று பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள்.

"பழத்தாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் கடைசியில். "நிஜமாவே கட்டியாவும் இருக்கலாம். ஆப்பரேஷன ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன். பிள்ளைய நாங்களே வச்சுக்கிறோம். பால் மட்டும் குடுத்துட்டு மறுபடி எடுப்போம். பார்க்க வர்றவங்க கையக் காட்டிட்டு வாங்க."

அந்த வாரம் ரோசம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டது விநோதமான வேண்டுதல். பழம்தான் காரணமாக இருக்க வேண்டும், குற்றவாளி நானாகவே இருக்க வேண்டும். எல்லாரும் தன்மேல் தப்பில்லை என்று வேண்டுவார்கள், இவள் தப்பு தன்மேலேயே விழட்டும் என்று வேண்டினாள். பழம் இல்லையென்றால் கட்டி. வேறு வழி இல்லை.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் நடந்து வருவதை ஆஸ்பத்திரிக் காரிடார் முனையிலேயே பார்த்துவிட்டார்கள். சாதாரணமாக நடந்து வந்தார்.

"அளவாத்தான் இருக்கு" என்றார். "ஸ்கேன்லயும் இப்பக் கொஞ்சம் வத்தியிருக்கு. ரத்தக் கட்டுதான்னு நினைக்கிறேன். காத்திருக்கலாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்தப் பை சுருங்கியது. நாலு மாதம் ஆனபோது ஒரு சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளிதான் மிச்சம். இனி பயமில்லை, இனிமேல் கஞ்சி, பழம் எல்லாம் கொடுக்கலாம் என்றார் டாக்டர். பழம் என்று சொல்லும்போது மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரோசம்மா நேரே தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். கோயிலில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்றாலும், "உங்க கை படக்கூடாது" என்ற வார்த்தையை ரூபி திரும்ப எடுக்கவில்லை, ரோசம்மாவும் கேட்கவில்லை. இந்த மூன்று மாதமும் பிள்ளைக்குத் துணி மாற்றினாள், தாலாட்டினாள், வாய்ப்பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகவில்லை. ரூபி வந்து மெஷின் பலகையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். மசித்த பிசாங் மாஸ், வெந்நீர் விட்டு இளக்கியது. பிள்ளையை ரோசம்மா மடியில் வைத்தாள்.

"நீங்களே குடுங்க அண்ணி. முதல் வாய்."

ரோசம்மா விரலைக் கழுவிவிட்டு வந்தாள். கண் மறைத்ததால் முதல் வாய் அவன் மூக்கில் பட்டது.

அவனுக்கு அற்புதராஜ் என்று பெயர் வைத்தார்கள். சாமியார் வைக்கச் சொன்ன பெயர். ஞானஸ்நானத்தில் பெயரைச் சொல்லும்போது அவருக்கு மறுபடி அந்த இருமல் வந்தது. ரோசம்மாதான் ஞானத்தாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனார்கள். எட்டு வயசுத் தடியன், வயசுக்கு மீறின உயரம், சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினான். லாசரஸ் பின்னாலேயே ஓடினான். ரோசம்மா பாயை விரித்து, பையிலிருந்து சீப்பை எடுத்து வைத்தாள். ரூபி ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தாள்.

அலை தள்ளப் பிள்ளை திரும்பி வரும்போது ரோசம்மாவின் கண் வழக்கம்போல அவன் வலது பக்கத்துக்குப் போனது. எத்தனையோ வருஷம் துணி வெட்டித் தைத்த கண், ஒரு தையல் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அங்கே ஒன்றுமில்லை. வெயில்பட்டு மினுமினுக்கிற ஈரத் தோல், அவ்வளவுதான். தன்னை யாராவது கவனிக்கிறார்களோ என்று அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரூபியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.